மீட்டர் துள்ளுது, சத்தம் இல்லை: பேஸ் கிட்டாரும் மல்டி எஃபெக்ட்ஸ் பெடலும்

போன தை மாதம் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் லைட் மியூசிக் குழுவில் நான் பேஸ் கிட்டார். புதிதாக வாங்கிய மல்டி எஃபெக்ட்ஸ் பெடலை அன்றுதான் முதல்முறையாக மேடைக்குக் கொண்டுபோயிருந்தேன். ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒன்பது பேட்ச் செய்து வைத்திருந்தேன். (எந்தெந்த எஃபெக்ட், எந்த வரிசையில், எவ்வளவு என்று சேமித்து வைப்பதுதான் பேட்ச்.) மூன்றாவது பாட்டு முடிந்ததும் சவுண்ட் பார்க்கும் பையன் மேடை ஓரத்துக்கு வந்தான்.

"அண்ணே, மிக்ஸர்ல உங்க மீட்டர் துள்ளுது, ஆனா வெளிய சத்தமே இல்ல. அந்த டப்பாவக் கழட்டிட்டு நேரா குடுங்க."

கழற்றினேன். கிட்டாரை நேராக டிஐ பாக்ஸில் செருகியதும் பேஸ் கேட்டது. நிகழ்ச்சி முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது குழுவை நடத்துபவர் பக்கத்தில் வந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த புரோகிராமுக்குக் கீபோர்டு பையனே இடது கையில பேஸ் வாசிச்சிக்கட்டுமான்னு யோசிக்கிறேன்" என்றார். இப்போது பல குழுக்களில் நடப்பதுதான். ஒரு ஆள் சம்பளம் மிச்சம், வண்டியில் ஒரு இடம் மிச்சம். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. டப்பாவின்மேல் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், தப்பு டப்பாவுடையதும் இல்லை.

அந்தப் பையன் சொன்னதை வைத்தே ஆரம்பிக்கலாம். மீட்டர் துள்ளுகிறது, சத்தம் இல்லை. அது எப்படி?

நான்கு தந்தி பேஸில் தடிமனான ஈ தந்தியைத் திறந்து மீட்டினால் 41.2 ஹெர்ட்ஸ். அடுத்து ஏ 55, டி 73.4, ஜி 98. சாதாரணக் கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே. ஆனால் நம் காது "இது பேஸ், இது இந்த ஸ்வரம்" என்று கண்டுபிடிப்பது அந்த 41-ஐ மட்டும் வைத்தல்ல. ஒரு தந்தி அதிரும்போது 41-உடன் அதன் மடங்குகளான 82, 124, 165 எல்லாம் சேர்ந்தே வருகின்றன. இவைதான் ஹார்மோனிக்ஸ். ஃபோன் ஸ்பீக்கரில் இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது. இருந்தும் பேஸ் போகிற வழி தெரிகிறது. மேலே உள்ள மடங்குகளின் இடைவெளியைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டிய ஸ்வரத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

நான் செய்து வைத்திருந்ததோ இதற்கு நேர் எதிர். ஈக்வலைசரில் 60 ஹெர்ட்ஸைத் தாராளமாக ஏற்றி, 400 முதல் 1000 வரையான நடுப்பகுதியைக் குடைந்து எடுத்திருந்தேன். தனியாகக் கேட்டால் பஞ்சு மெத்தை மாதிரி சுகம். மேடையில் கிக் டிரம்மும் கீபோர்டின் இடது கையும் அதே கீழ்ப்பகுதியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. என் பேஸில் மிச்சமிருந்த பலம் முழுக்க அந்த நெரிசலுக்குள் போய்விட்டது. கீழ்ச்சத்தத்தின் பலத்தை மீட்டர் காட்டும். காதுக்கு அது வெறும் "ம்ம்ம்". ஸ்வரத்தை அடையாளம் காட்டும் பகுதியைத்தான் நானே வெட்டி எறிந்திருந்தேனே.

இதை ஏன் செய்தேன் என்பதற்கும் காரணம் உண்டு. குழந்தை தூங்கிய பிறகு, ஹெட்ஃபோனில், மெதுவாக வைத்துச் செய்த பேட்ச்கள் இவை. சத்தம் குறையக் குறைய மனிதக் காதுக்குக் கீழ்ச்சுரங்கள் மற்றவற்றைவிட வேகமாகக் காணாமல் போகும். பெல் லேப்ஸில் ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். மெதுவாகக் கேட்கும்போது பேஸ் போதவில்லை என்று தோன்றும், ஏற்றுவோம். அதே பேட்ச் மண்டபத்தின் முழுச் சத்தத்தில் போகும்போது கீழ்ப்பகுதி தேவைக்கு மேல் வீங்கியிருக்கும். பெடல் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் ராத்திரியில் ஹெட்ஃபோனில்தான் பேட்ச் செய்வோம் என்று நினைக்கிறேன். செய்யுங்கள். ஆனால் அதை முடிவான அளவாக நம்பாதீர்கள். கூடவே ஒரு டிரம் டிராக்கும் பாட்டும் ஓடவிட்டு, அதற்குள் உங்கள் ஸ்வரம் தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தனியாக வாசிக்கும்போது கொஞ்சம் மூக்கால் பேசுவது மாதிரி இருக்கிற சத்தம்தான் கூட்டத்தில் கேட்கும்.

ஒன்பது பேட்ச்களையும் அழித்தேன். மூன்று எஃபெக்ட்டை மட்டும் வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலாவது கம்ப்ரசர். பேஸுக்கு ஒரே ஒரு எஃபெக்ட்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன். விரலால் மீட்டும்போது ஒரு ஸ்வரம் வெடிக்கும், அடுத்தது முனகும். கம்ப்ரசர் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே போவதை அமுக்குகிறது. 4:1 என்று வைத்தால், கோட்டுக்கு மேலே 8 டெசிபல் எகிறுவது 2 டெசிபலாக இறங்கும். கோடு எங்கே என்பது உங்கள் கையைப் பொறுத்தது. நன்றாக அழுத்தி வாசிக்கும்போது 3 முதல் 5 டெசிபல் வரை குறைந்தால் போதும். அட்டாக் என்ற குமிழில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அதை மிக வேகமாக வைத்தால் விரல் தந்தியைத் தொடும் அந்த முதல் "டக்" அமுங்கிப்போகும். 20, 30 மில்லி செகண்ட் என்று கொஞ்சம் தாமதமாக வைத்தால் "டக்" தப்பித்து வெளியே வந்துவிடும், பின்னால் வரும் உடம்பு மட்டும் சமமாகும்.

இரண்டாவது, லேசான டிரைவ். ராக் வாசிக்கவில்லையே, எனக்கு எதற்கு டிஸ்டார்ஷன் என்றுதான் நானும் கேட்டேன். டிரைவ் செய்வது இன்னும் ஹார்மோனிக்ஸைச் சேர்ப்பது. மேலே சொன்ன அந்த மடங்குகள். சிறிய ஸ்பீக்கரிலும் சத்தமான மண்டபத்திலும் பேஸைக் காதில் விழவைப்பது அவைதான். தனியாகக் கேட்டால் லேசான கரகரப்பு. பாட்டோடு சேர்ந்தால் கரகரப்பு தெரியாது, ஸ்வரம் தெரியும். இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. கிட்டாருக்கென்று செய்த பல டிரைவ்கள் கீழ்ப்பகுதியைத் தின்றுவிடும். அதனால் பேஸுக்கான டிரைவில் சுத்தமான சத்தத்தையும் கரகரப்பையும் கலக்க ஒரு குமிழ் இருக்கும். பாஸ் கம்பெனியின் ஓடிபி-3 என்ற தனிப் பெடலில் அதற்கு பேலன்ஸ் என்று பெயர். மல்டி எஃபெக்ட்ஸ்களில் மிக்ஸ், பிளெண்ட் என்று ஏதாவது இருக்கும். நான் சுத்தமானது முக்கால் பங்கு, டிரைவ் கால் பங்கு வைக்கிறேன். அந்தக் குமிழைத் தேடாமல் டிரைவைப் போட்டால் பேஸ் மெலிந்துபோய், "பெடல் போட்டா அடிச்சத்தம் போயிடுது" என்று எல்லோரும் சொல்வதை நீங்களும் சொல்வீர்கள்.

மூன்றாவது ஈக்வலைசர். 40-க்குக் கீழே வெட்டிவிடலாம். நான்கு தந்தி பேஸில் அங்கே நமக்கு வேலை இல்லை. 250 பக்கம் கொஞ்சம் இறக்கினால் சேறு குறையும். 700, 800 பக்கம் கொஞ்சம் ஏற்றினால் விரல் தெரியும். ஏற்றுவதைவிட இறக்குவதில் கவனம் வையுங்கள்.

ரிவெர்ப்? வேண்டாம். மண்டபமே ரிவெர்ப்தான்.

பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப், கேபினட் மாடல்கள் பற்றி ஒரு வார்த்தை. பெடலிலிருந்து நேராக மிக்ஸருக்குப் போகிறீர்கள் என்றால் கேபினட் இருக்கட்டும். நிஜமான பேஸ் ஆம்ப்பில் செருகும்போது அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கருக்குள் ஒரு ஸ்பீக்கர், கம்பளிக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும். இன்னொன்று, பேட்ச்களின் சத்த அளவு. வீட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்வதால் ஒன்று உரக்கவும் ஒன்று மெதுவாகவும் நின்றுவிடும். பாட்டின் நடுவில் மாற்றும்போது சவுண்ட்காரர் என்ன செய்வார், பாவம். ஒரே வரியை எல்லா பேட்ச்சிலும் மாற்றி மாற்றி வாசித்துச் சமன் செய்யுங்கள். என் மூன்றாவது பாட்டில் நடந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

விளையாட்டு எஃபெக்ட்களில் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. பூட்ஸி காலின்ஸ் மியூட்ரான் வழியாக வாசித்த அந்த "க்வாக்" சத்தத்தைக் கேட்டவர் யாருக்குத்தான் ஆசை வராது? அது என்வலப் ஃபில்டர். எவ்வளவு அழுத்தி மீட்டுகிறோமோ அவ்வளவு திறந்துகொள்ளும். அதனால் அதைக் கம்ப்ரசருக்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால், எல்லாம் சமமாகி வந்த சத்தத்தில் அது எதைப் பார்த்துத் திறக்கும்?

ஆக்டேவர் இன்னொரு தலைவலி. ஒரு ஸ்தாயி கீழே சேர்த்துக் கொடுக்க, முதலில் நீங்கள் வாசித்தது என்ன ஸ்வரம் என்று அது புரிந்துகொள்ள வேண்டும். 41 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு அதிர்வு முடியவே சுமார் 24 மில்லி செகண்ட் ஆகிறது. அதனால் ஈ தந்தியின் அடியில் அது தடுமாறும், விக்கும். தடுமாறாமல் கொடுத்தாலும் கிடைப்பது 20.6 ஹெர்ட்ஸ், காதின் எல்லையில் இருக்கிறது, மண்டப ஸ்பீக்கரால் ஆகவே ஆகாது. ஏ தந்தியில் 7-ஆவது ஃப்ரெட்டில் வாசித்தால் 82.4, அதற்குக் கீழே வருவது 41.2, அதாவது திறந்த ஈ தந்தியின் சத்தம். ஆக்டேவர் அங்கேதான் ஒழுங்காக வேலை செய்கிறது.

மாசியில் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரிக்குக் குழுக்காரரிடம் நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அதே பெடல், இரண்டே பேட்ச். அதே சவுண்ட் பையன்தான். "டப்பா மாத்திட்டீங்களாண்ணே?" என்றான். மெலடிப் பாட்டுகள் அத்தனையும் எனக்கு வந்துவிட்டன. குத்துப் பாட்டுகள் மட்டும் இன்னும் கீபோர்டின் இடது கையில்தான். அவற்றில் பலவற்றின் அசலே சின்த் பேஸ் என்பதால் நானும் வாதாடவில்லை. இப்போது ஆக்டேவரையும் என்வலப் ஃபில்டரையும் சேர்த்து அதற்கென்று மூன்றாவது பேட்ச் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். எல்லாம் 7-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே, பகலில், டிரம் டிராக் ஓட, ஸ்பீக்கரில்.