தட்கல் நேரத்தில் சர்வர் திணறுவது ஏன்?

தாம்பரத்தில் ரயில் ஏறி நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. காலை 10 மணிக்கு ஏசி தட்கல், 11 மணிக்கு ஸ்லீப்பர். லாகின் பண்ணினால் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட்!

'பெரிய சர்வர் வாங்க வேண்டியதுதானே?' என்று தோணலாம். ஆனால், சர்வர் திணறினால் முதலில் பார்க்க வேண்டியது, வருவது யார் என்பதைத்தான். தட்கல் தொடங்கும் முதல் 5 நிமிட லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரை 'பாட்' எனும் தானியங்கி மென்பொருள்களின் வேலை என்று 2025-இல் ரயில்வேயே சொன்னது.

பாட்களை வடிகட்டும் தொழில்நுட்பமும், சர்வர் சுமையைப் பகிரும் சிடிஎன் வசதியும் வந்தன. 2.5 கோடி ஐடிகள் முடக்கப்பட்டன. அந்த ஆண்டு மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாகின. ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்ப்பும் கட்டாயமானது. இதனால் சீட் கூடிவிடாது; ஆனால் சாதாரணப் பயணிக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

உங்கள் ஆபீஸ் சர்வருக்கும் இதே வைத்தியம்தான். சிபியு, மெமரியை எந்த புரோகிராம் தின்கிறது என்று 'டாப்' கட்டளையில் பாருங்கள். அடுத்து ஆக்சஸ் லாக். ஒரே ஐபி முகவரி ஓயாமல் தட்டுகிறதா? அதற்கு வரம்பு வையுங்கள். இல்லையென்றால், டேட்டாபேஸில் எது மெதுவாக ஓடுகிறது என்று தேடுங்கள். பெரிய சர்வருக்குக் காசு செலவழிப்பது கடைசியில்தான்.