கைதட்டல் ஓய்ந்த பிறகு பேச்சில் என்ன மிஞ்சும்?

பட்டிமன்றம் முடிந்து வீடு திரும்பும் கூட்டத்தில் ஒருவரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். "இன்றைக்குப் பேச்சு எப்படி?" என்றால், "பிரமாதம்!" என்பார். "அவர் என்னதான் சொன்னார்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் கொஞ்சம் தயங்குவார். சிரிக்க வைத்த இடம் நினைவில் இருக்கும். சொன்ன கருத்து நழுவிப் போயிருக்கும். பேச்சின் இயல்பே அதுதான். அது அந்த மேடைக்காக, அந்த மாலைக்காகப் பிறக்கிறது. பெரும்பாலான பேச்சுகள் கைதட்டல் ஓய்ந்ததும் மறைந்து விடுகின்றன.

சில பேச்சுகள் மட்டும் ஏன் மறைவதில்லை? இந்தக் கேள்வியைப் பதினேழு, பதினெட்டு வயது மாணவர்களிடம் தேர்வுத் தாளிலேயே கேட்ட நாடு ஆஸ்திரேலியா. அங்குள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பன்னிரண்டாம் ஆண்டின் முடிவில் மாணவர்கள் எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதுகிறார்கள். அதில் கட்டாயப் பாடம் ஆங்கிலம் ஒன்றுதான். கணிதத்தைக்கூட விட்டுவிடலாம், ஆங்கிலத்தை விட முடியாது. உயர்நிலை ஆங்கிலத்தில் 2009 முதல் 2014 வரை தேர்வு எழுதியவர்களுக்கு, ஆழ்ந்து ஆராய வேண்டிய நூல்களின் பட்டியலில் ஷேக்ஸ்பியர் நாடகத்தோடும் நாவல்களோடும் ஏழு உரைகளும் ஒரு தொகுதியாக இடம்பெற்றிருந்தன.

எகிப்து அதிபர் அன்வார் சதாத், பர்மாவின் ஆங் சான் சூ கீ, ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங், தலைமை ஆளுநர் வில்லியம் டீன், பழங்குடியினரின் உரிமைக்காகப் பாடுபட்ட ஃபெய்த் பேண்ட்லர், பழங்குடித் தலைவர் நோயல் பியர்சன், கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் ஆகியோர் ஆற்றிய உரைகள் அவை. தேர்வில் ஒரு கட்டுரைக்குக் கிடைப்பது 40 நிமிடம், புள்ளிகள் 20. கேள்வி எந்தக் கோணத்தில் வரும் என்பது உள்ளே போய் உட்கார்ந்த பிறகே தெரியும்.

மனப்பாடம் ஏன் கைகொடுப்பதில்லை?

நேரம் குறைவு என்பதால் பல மாணவர்கள் ஒரு குறுக்கு வழியைத் தேடினார்கள். நல்ல கட்டுரை ஒன்றை முன்கூட்டியே தயாரித்து, வரி விடாமல் மனப்பாடம் செய்து, எந்தக் கேள்வி வந்தாலும் அதையே கொட்டிவிட்டு வருவது. நம் பிள்ளைகளுக்கும் இது புதிய பழக்கம் அல்ல.

ஆனால் அந்தப் பாடப்பகுதி கேட்டது வேறு. ஓர் உரையின் கருத்து, கட்டமைப்பு, சொல், ஓசை ஆகிய எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி ஒரு முழுமையாக நிற்கிறதா? காலம் மாறி, கேட்பவர் மாறிய பிறகும் அது நிற்கிறதா? இதில் மாணவரின் சொந்த முடிவு என்ன? "இங்கே உவமை இருக்கிறது, அங்கே திரும்பக் கூறல் இருக்கிறது" என்று அணிகளை எண்ணிக் காட்டுவது இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது. அது சமைத்த குழம்பைச் சுவைக்காமல், அதில் போட்ட மசாலாவின் பெயர்களை மட்டும் ஒப்பிப்பது போன்றது.

தெரியாததில் தொடங்கிய பேச்சு

ஓர் எடுத்துக்காட்டு. 1993 நவம்பர் 11ஆம் நாள், முதல் உலகப் போரில் பிரான்சில் மாண்ட பெயர் தெரியாத ஆஸ்திரேலியப் படைவீரர் ஒருவரின் உடல் கன்பராவிலுள்ள போர் நினைவகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பிரதமர் கீட்டிங் இரங்கல் உரையாற்றினார். வழக்கமாக இரங்கல் உரை என்றால் இறந்தவரின் பிறப்பு, குடும்பம், சாதனை என்று வரிசையாகச் செல்லும். இங்கே சொல்வதற்கு எதுவுமே இல்லை. கீட்டிங் அந்த இல்லாமையையே தொடக்கமாக்கினார். இவர் பெயர் தெரியாது, பதவி தெரியாது, எங்கே பிறந்தார், எப்படி இறந்தார், மணமானவரா, பிள்ளைகள் உண்டா, எதுவும் தெரியாது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

பிறகு தெரிந்தவற்றைச் சொன்னார். முதல் உலகப் போருக்குத் தாமாக முன்வந்த 4,16,000 ஆஸ்திரேலியர்களில் இவர் ஒருவர். மேற்குப் போர்முனையில் மாண்ட 45,000 பேரில் ஒருவர். அந்த நூற்றாண்டின் போர்களில் உயிர்நீத்த ஒரு லட்சம் பேரில் ஒருவர். எண்கள் ஏறஏற, பெயரில்லாத அந்த ஒருவர் எல்லாருக்கும் சொந்தமாகிறார். பெயர் தெரிந்திருந்தால் அவர் ஒரு வீட்டுப் பிள்ளை. தெரியாததால் நாட்டின் பிள்ளை.

இதைக் கவனித்த மாணவர், "கீட்டிங் திரும்பக் கூறல் என்ற உத்தியைப் பயன்படுத்தினார்" என்று எழுதி நிறுத்த மாட்டார். அந்தத் திரும்பக் கூறல் எதற்காக வந்தது என்று எழுதுவார். புள்ளி பெற்றுத் தருவது அந்த 'எதற்காக'தான்.

சூழல் தெரியாமல் பொருள் தெரியாது

1999 ஜூலை 27ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் இண்டர்லாக்கன் அருகே ஒரு மலை இடுக்கில் திடீர் வெள்ளம் பாய்ந்து 21 பேர் இறந்தனர். அவர்களில் 14 பேர் இளம் ஆஸ்திரேலியர்கள். அங்கே நடந்த நினைவுக் கூட்டத்தில் வில்லியம் டீன் பேசினார். மிகச் சிறிய உரை. ஆஸ்திரேலியாவின் தேசிய மலர் வாட்டில் என்ற மஞ்சள் பூ. கன்பராவிலிருந்து கொண்டுவந்த 14 வாட்டில் கொத்துகளை, உறவினர்களோடு சேர்ந்து, அந்த ஓடையில் விட்டதாக அவர் சொன்னார். தாயகத்தில் இன்னும் குளிர்காலம்தான், ஆனால் வாட்டில் பூக்கத் தொடங்கிவிட்டது என்றார். ஐரோப்பாவில் அப்போது கோடை; ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். இந்தப் பூகோள உண்மை தெரியாதவருக்கு அந்த வரி வெறும் வானிலைச் செய்தி. தெரிந்தவருக்கு, பூக்கும் பருவத்தில் உதிர்ந்த பிள்ளைகளையும் அவர்கள் வீட்டுக்கும் அந்த ஓடைக்கும் இடையிலுள்ள தூரத்தையும் ஒருசேரக் காட்டும் வரி.

சதாத்தின் உரைக்கும் இதே விதிதான். 1977 நவம்பர் 20ஆம் நாள் அவர் இஸ்ரேலிய நாடாளுமன்றத்தில் பேசினார். இரு நாடுகளுக்கும் இடையே 1973இல் பெரும் போர் நடந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பல மாணவர்கள் இதை 'அமைதி உரை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உரையைப் பொறுமையாகப் படித்தால் வேறு ஒன்றும் தெரியும். 1967இல் கைப்பற்றிய நிலங்களிலிருந்து வெளியேற வேண்டும், பாலஸ்தீனர்களின் உரிமையை ஏற்க வேண்டும் என்ற கடுமையான கோரிக்கைகளை அவர் எதிராளியின் வீட்டுக்கே போய்ச் சொன்னார். மனத்தடை என்ற சுவர்தான் சிக்கலில் 70 விழுக்காடு என்றும் சொன்னார். அன்பும் கண்டிப்பும் ஒன்றாக நிற்பதுதான் அந்த உரையின் பலம். அதன் விலையும் பெரிது. 1979இல் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. 1981 அக்டோபர் 6ஆம் நாள் சதாத் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சதாத் பேசியது அரபு மொழியில். மாணவர் படிப்பது ஆங்கில மொழிபெயர்ப்பு. வாதம் சதாத்துடையது, ஆங்கில ஓசையில் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்கு உண்டு. ஓசைநயம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் முன் இதை நினைவில் வைப்பது நல்லது.

பேசியவர் மாறினால் பேச்சு என்னாகும்?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வியைத் தருவது சூ கீயின் உரை. ஏறக்குறைய ஆறு ஆண்டு வீட்டுக்காவலிலிருந்து 1995 ஜூலையில் விடுதலையான அவர், நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்ப முடியாது என்பதால், அடுத்த மாதம் பெய்ஜிங்கில் கூடிய பெண்கள் மாநாட்டுக்குத் தம் உரையை ஒளிநாடாவில் அனுப்பினார். சேவல் கூவினால்தான் பொழுது விடியும் என்று பெண்களைத் தாழ்த்தும் பர்மியப் பழமொழியை எடுத்துக்கொண்டு, விடிவதால்தான் சேவல் கூவுகிறது என்று அதைத் திருப்பிப் போட்டார். 'பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா' என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பெண்களுக்கு அந்த அடியின் வேகம் விளக்காமலே புரியும். அதே உரையில் சகிப்புத்தன்மையைப் பற்றியும் பேசினார். பிறர் நோக்கைப் புரிந்துகொள்ள முயல்வதே உண்மையான சகிப்புத்தன்மை என்றார்.

பிறகு நடந்ததை நாளிதழ் படிக்கும் அனைவரும் அறிவர். 2016இல் அவர் ஆட்சியில் அமர்ந்தார். 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் வங்காளதேசத்துக்குத் தப்பி ஓடினர். 2019 டிசம்பரில் அனைத்துலக நீதிமன்றத்தில் அவர் மியன்மாரின் தரப்பில் நின்று வாதாடினார். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பறித்து அவரை மீண்டும் கைது செய்தது.

அப்படியானால் 1995ஆம் ஆண்டு உரை பொய்யாகிவிட்டதா? ஒரு மாணவர் 'ஆம்' என்று எழுதலாம்: சொன்ன சொல்லைக் காக்காதவரின் சொல்லுக்கு மதிப்பு இல்லை. இன்னொருவர் 'இல்லை' என்று எழுதலாம்: சகிப்புத்தன்மைக்கு அவர் வகுத்த அளவுகோலைக் கொண்டே இன்று அவரையும் அளக்க முடிகிறது, அதனால் உரை பேசியவரைவிட உயர்ந்து நிற்கிறது. இரண்டுக்கும் நல்ல புள்ளி கிடைக்கலாம், உரையிலிருந்தே சான்று காட்டினால். 2010இல் யாரோ எழுதிவைத்த கட்டுரையை மனப்பாடம் செய்தவரால் மட்டும் இந்தக் கேள்வியைத் தொடவே முடியாது.

படிக்கும் முறை

எனவே படிக்கும் முறையும் மாற வேண்டும். முதலில் உரையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். காதுக்காக எழுதப்பட்டதைக் கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். ஒலிப்பதிவு இருந்தால் கேட்கலாம். எங்கே நிறுத்தினார், எங்கே வேகம் எடுத்தார் என்று தாளில் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து, அந்த நாளில் அரங்கில் யார் இருந்தார்கள், அவர்கள் எதை எதிர்பார்த்தார்கள், பேசியவர் எதை மாற்ற நினைத்தார் என்ற மூன்றுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுத வேண்டும். 'நான்' எங்கே 'நாம்' ஆகிறது என்று பார்க்க வேண்டும். பேச்சாளர் கூட்டத்தைத் தம் பக்கம் இழுக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். கடைசியாக, உரையோடு ஒரு முறையாவது முரண்பட்டுப் பார்க்க வேண்டும். எங்கே நம்ப வைக்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவருக்கே எங்கே நம்ப வைக்கிறது என்று சொல்லும் தகுதி வருகிறது.

2019இல் புதிய பாடத்திட்டத்தின்படி முதல் எச்.எஸ்.சி. தேர்வு நடந்தபோது, உரைகள் எழுத்துக்கலை என்ற பகுதிக்கு நகர்ந்திருந்தன. முன்னாள் பிரதமர் காஃப் விட்லமுக்கு நோயல் பியர்சன் 2014இல் ஆற்றிய இரங்கல் உரையும் அதில் இருந்தது. அங்கே உரையை ஆராய்ந்தால் மட்டும் போதாது. அதில் கற்றதைக் கொண்டு தாமே எழுதவும் வேண்டும்.

நம் வீடுகளிலும் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகள் தயாராகிறார்கள். யாரோ எழுதிக் கொடுத்ததைக் கண்ணாடி முன் நின்று ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்து முடித்ததும் பெற்றோர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "இதில் நீ எதை நம்புகிறாய்?" பிள்ளை தயங்கினால் கோப்பை இந்த ஆண்டு கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, உட்கார்ந்து பேசுங்கள். கூவுவதால் பொழுது விடிவதில்லை. உள்ளே விடிந்தவர்தான் கூவ வேண்டும்.