பாண்டியா வந்ததுக்கு கிரீன் ஏன் போகணும்?

2023 நவம்பர்ல ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பினார். அதே கையோடு கேமரூன் கிரீன் மும்பையிலிருந்து பெங்களூருக்குப் போனார். இங்க புதுக்கோட்டை டீக்கடை வரைக்கும் பாண்டியா பேச்சுதான். கிரீனைக் கண்டுக்கிட்டவங்க குறைவு. கணக்கு என்னவோ அவர்கிட்டதான் இருக்கு.

2024 சீசனுக்கு ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு 100 கோடி. வீரர் டீம் மாறினா அவர் சம்பளமும் கூடவே புது டீம் கணக்கில் ஏறிடும். பாண்டியாவுக்கு 15 கோடி, கிரீனுக்கு 17.5 கோடி. ஆர்ச்சர் உட்பட பலரைக் கழற்றிவிட்டு, கிரீனையும் கொடுத்த பிறகு, மும்பை கையில் ஏலத்துக்கு மிஞ்சியது 17.75 கோடி.

கிரீனையும் வச்சிருந்தா? மிச்சம் 25 லட்சம். அந்த ஏலத்தில் அடிப்படை விலையே 20 லட்சத்திலிருந்துதான் ஆரம்பிச்சது. அதாவது புதுசா ஒரே ஒரு ஆள். ரெண்டு பேரையும் வைக்க விதி தடுக்கலை, பர்ஸ் தடுத்தது. அந்தப் பணத்தில்தான் கோட்சியா (5 கோடி), துஷாரா (4.8), மதுஷங்கா (4.6) எல்லாம் வந்தாங்க.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. பாண்டியாவுக்காக மும்பை குஜராத்துக்குக் கொடுத்த டிரான்ஸ்ஃபர் தொகை இந்த 100 கோடியில் சேராது. அது எவ்வளவுன்னு வெளியே சொல்லவும் இல்லை. பணக்கார முதலாளிக்கு உச்சவரம்பு அவ்வளவு உயரமான சுவர் இல்லைன்னு எனக்குத் தோணும்.

பெங்களூர் பக்கம் வலி அதிகம். ஹர்ஷல் படேல், ஹசரங்கா, ஹேசல்வுட் மூணு பேரையும் விட்டதில் 29.25 கோடி காலியாச்சு. அப்புறமும் ஏலத்துக்கு மிஞ்சியது 23.25 கோடிதான். அவங்க மூணு பேரும் இருந்திருந்தா கிரீன் உள்ளே வந்திருக்கவே முடியாது. ஒரு பேட்டிங் ஆல்ரவுண்டருக்காக பந்துவீச்சையே பிரிச்சுப் போட்ட மாதிரிதான்.

குஜராத்? கேப்டன் போனார், ஆனா பத்து அணிகளிலேயே பெரிய பர்ஸ் அவங்களுதுதான்: 38.15 கோடி. அதில் 7.4 கோடி நம்ம ஷாருக் கானுக்குப் போச்சு.

அமெரிக்க ஃபுட்பால் லீக்கில் இவ்வளவு சுலபமா கை கழுவ முடியாது. ஒப்பந்தத்தின்போது கொடுத்த போனஸில் இன்னும் கணக்கில் ஏறாத பங்கு, ஆளை விற்ற பிறகும் பழைய டீம் தலையில்தான் விடியும். ஆள் இல்லாத சம்பளம். ஐபிஎல்லில் அது கிடையாது, அதனாலதான் ஒரே வாரத்தில் மூணு டீம் உருமாறிடுது.