நாக்கில் கட்டியா? ஆழமாக எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்

புனேயை அடுத்த நிக்டி, தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர். மகாராஷ்டிரத்தில் 2012-லேயே குட்காவுக்குத் தடை வந்தும், புகையிலை மெல்வதும் மிஸ்ரி என்னும் புகையிலைப் பொடியால் பல் தேய்ப்பதும் நின்றபாடில்லை. எனவே வாயில் கட்டி தட்டுப்பட்டால் புற்றுநோயோ என்று வீடே கலங்கிப்போகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வாயின் மென்திசுக்களில் வரும் கட்டிகளில் பல, உயிருக்கு ஆபத்தில்லாத சாதுக் கட்டிகள். அவற்றிலும் அரிதானவற்றை இனங்காண்பதுதான் கடினம்.

கிரானுலர் செல் டியூமரை எடுத்துக்கொள்வோம். 1926-இல் இதை விவரித்தவர் ரஷ்ய நோய்க்கூறியல் நிபுணர் அலெக்சி அப்ரிகோசோவ். இது தசையில் முளைப்பது என்று அவர் கருதினார். நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களிலிருந்து வருவது என்று பின்னால் தெளிவானது. பெரும்பாலும் நாக்கில் வரும். வலிக்காது, மெதுவாக வளரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கட்டிக்கு மேலுள்ள சவ்வு சில சமயம் தடித்து, வேர் விட்டதுபோல் கீழே இறங்கும். பயாப்ஸி எனும் திசுப் பரிசோதனைக்காக மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தால் அது மட்டுமே மைக்ராஸ்கோப்பில் தெரியும். பார்ப்பதற்கு அசல் புற்றுநோய் போலவே இருக்கும். அதை நம்பி நாக்கில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால் போனது திரும்பாது. சற்று ஆழமாக எடுத்தால், சவ்வுக்கு அடியில் இளஞ்சிவப்புத் துகள்கள் நிறைந்த பெரிய செல்கள் தெரியும். எஸ்-100 சாயச் சோதனை அதை உறுதிசெய்யும்.

எல்லாக் கட்டியிலும் உடனே கத்தி வைக்கவும் கூடாது. நீலமோ சிவப்போ கலந்த கட்டியைக் கண்ணாடிச் சில்லால் அழுத்தும்போது வெளுத்தால் அது ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். அதற்கு ஸ்கேன்தான் முதலில்.

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று பயாப்ஸியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதில் உண்மையில்லை, தாமதம்தான் ஆபத்து. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையோ கட்டியையோ காட்டியே ஆக வேண்டும். நிக்டிக்காரர்களுக்குப் பக்கத்துப் பிம்ப்ரியிலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால், ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, வாய் நோய்க்கூறியல் படித்த இன்னொருவரிடம் காட்டலாம். பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.