குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைத் திட்டமிடலில் மெய்நிகர் படிமம்

பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தையின் ஸ்கேன் படங்களைக் கொண்டு அதன் இதயத்தைக் கணினியில் முப்பரிமாண உருவமாக அமைத்து, தலையில் அணியும் கருவியின் வழியே அதைச் சுற்றியும் உள்ளே புகுந்தும் பார்த்து, அறுவை சிகிச்சையை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் முறை மெய்நிகர் படிமத் திட்டமிடல் ஆகும். விர்ச்சுவல் ரியாலிட்டி என்ற பெயரில் கணினி விளையாட்டுகள் வழியாகப் பலருக்கும் அறிமுகமான தொழில்நுட்பமே இங்கு மருத்துவத்திற்குப் பயன்படுகிறது. ஒரு மருத்துவர் தம் மனத்துக்குள் கட்டிப்பார்க்கும் இதயத்தைக் குழுவினர் அனைவரும் காணும்படி வெளியே கொண்டுவருவதே இதன் முதன்மைப் பயன்.

தேவை

உயிருடன் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தைக்கு இதயக் குறைபாடு காணப்படுகிறது. சிறு துளைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. சில குறைபாடுகளைக் காலில் உள்ள இரத்தக் குழாய் வழியே நுண்குழாய் செலுத்திச் சரிசெய்யலாம். மற்றவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். சிக்கலான குறைபாடுகளில், ஒரே பெயர் கொண்ட நோய் இருந்தாலும் இரண்டு குழந்தைகளின் இதய அமைப்பு ஒன்றுபோல இருப்பதில்லை. துளையின் இடம், தமனிகள் புறப்படும் திசை, வால்வுகளைப் பிடித்திருக்கும் நாண்களின் அமைப்பு ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுபடும்.

பச்சிளங்குழந்தையின் இதயம் அதன் மூடிய கைப்பிடி அளவே இருக்கும். இதயத்தின் உட்பகுதியில் அறுவை செய்யும்போது, இரத்த ஓட்டத்தை இதய-நுரையீரல் இயந்திரம் ஏற்றுக்கொள்ள, இதயத் துடிப்பு மருந்துக் கரைசலால் நிறுத்தப்படுகிறது. அப்போது அறுவை மருத்துவர் காண்பது இரத்தம் வடிந்து, தளர்ந்து, சுருங்கிய ஓர் உறுப்பு. இரத்தம் நிறைந்து துடிக்கும்போது அது எந்த வடிவம் கொள்ளும் என்பதை அவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். இதயம் நின்றிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வருவதால், நின்று யோசிக்க அங்கே அதிக நேரம் கிடையாது.

சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதயத்தை நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுப் படங்களாகத் தருகின்றன. தட்டையான திரையில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, மனத்துக்குள் அடுக்கி, முழு இதயத்தைக் கற்பனை செய்துகொள்வதே வழக்கமான முறை. தேர்ந்த மருத்துவர்கள் இதைத் திறம்படச் செய்கிறார்கள். ஆனால் ஒருவர் மனத்தில் எழும் உருவமும் அடுத்தவர் மனத்தில் எழும் உருவமும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வழியில்லை.

செயல்படும் விதம்

முதற்படி, தரமான படம் எடுப்பது. சி.டி. ஸ்கேன் நுண்ணிய விவரங்களை விரைவாகத் தரும். ஆனால் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் நேரம் அதிகம் ஆவதால் சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். முப்பரிமாண எக்கோ, துடிக்கும் வால்வின் அசைவைப் பதிவுசெய்யும்.

இரண்டாவது படியில், படத்தில் உள்ள இதயத் தசை, இரத்தம் நிறைந்த அறைகள், தமனிகள், சிரைகள் ஆகியவை தனித்தனியாகப் பிரித்து அடையாளப்படுத்தப்படுகின்றன. கணினி பெரும்பகுதியைச் செய்தாலும், இதய அமைப்பை அறிந்த ஒருவர் அதைச் சரிபார்த்துத் திருத்துவது அவசியம்.

மூன்றாவது படியில் அந்த உருவம் தலைக்கருவிக்கு மாற்றப்படுகிறது. கருவி இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டுவதால் ஆழம் தெரிகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் உடனே திரும்புகிறது. கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியால் இதயத்தைச் சுழற்றலாம், எந்தக் கோணத்திலும் வெட்டி உள்ளே பார்க்கலாம், இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவை அளக்கலாம். சில மில்லிமீட்டர் அகலமுள்ள துளையை ஒரு சன்னல் அளவுக்குப் பெரிதாக்கி, அதன் வழியே மறுபக்கம் எதைப் பார்க்கிறது என்று காணலாம். ஒரே உருவத்தைப் பலர் ஒரே நேரத்தில் பார்த்து விவாதிக்கவும் முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு

இயல்பான இதயத்தில் வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனியும், இடது கீழறையிலிருந்து பெருந்தமனியும் புறப்படுகின்றன. இரட்டை வெளிவாய் வலது கீழறை எனப்படும் குறைபாட்டில், இரண்டு தமனிகளும் முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ வலது கீழறையிலிருந்தே புறப்படும். நுரையீரலிலிருந்து இடது கீழறைக்கு வந்து சேரும் உயிர்வளி நிறைந்த இரத்தம் வெளியேற, கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரின் துளையே வழியாக அமைகிறது.

துளையிலிருந்து பெருந்தமனியின் வாய் வரை, கீழறைக்கு உள்ளேயே ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்து ஒரு சுரங்கப்பாதை அமைத்தால், இரண்டு கீழறைகளும் தத்தம் வேலையைச் செய்யத் தொடங்கும். இது சாத்தியமா என்பதற்குச் சில கேள்விகளுக்கு விடை வேண்டும். துளை பெருந்தமனிக்கு எவ்வளவு அருகில் உள்ளது? இடையே வால்வின் நாண்கள் குறுக்கிடுகின்றனவா? பாதை அமைத்தபின் வலது கீழறையில் போதிய இடம் மிஞ்சுமா?

சாத்தியமில்லை எனில், ஒற்றைக் கீழறை வழியைத் தேர்ந்தெடுக்க நேரலாம். இவ்வழியில் படிப்படியாகச் செய்யப்படும் அறுவைகள் ஃபான்டான் அறுவையில் முடிகின்றன. உடலிலிருந்து திரும்பும் இரத்தம் அதன்பின் கீழறையின் உந்துதல் இன்றியே நேராக நுரையீரலுக்குச் செல்லும். இம்முறை பல குழந்தைகளின் உயிரைக் காத்துள்ளது. எனினும் வளர்ந்தபின் உடலுழைப்புத் திறன் குறைதல், கல்லீரல் பாதிப்பு போன்றவை ஏற்படுகின்றன. எனவே இரண்டு கீழறைகளா, ஒன்றா என்ற முடிவு அக்குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் தொடுகிறது. அந்த முடிவு தங்கியிருப்பது சில மில்லிமீட்டர் தொலைவிலும் கோணத்திலும்தான். மெய்நிகர் படிமம் மிகுதியாக உதவக்கூடிய இடம் இது.

பயன்பாட்டில் சில முயற்சிகள்

2015 டிசம்பரில், அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள நிக்லாஸ் குழந்தைகள் மருத்துவமனையில், ஒரு நுரையீரலும் பாதி இதயமும் இன்றிப் பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை மருத்துவர் ரெட்மண்ட் பர்க், திறன்பேசியைச் செருகிப் பயன்படுத்தும் விலை குறைந்த கூகுள் கார்ட்போர்டு அட்டைக் கருவியின் மூலம் அக்குழந்தையின் இதயத்தைப் பார்த்துத் திட்டமிட்டார். இதயம் மார்பின் இடப்புறமாக விலகியிருந்தது. அதை எவ்வழியே அணுகுவது என்பதை முடிவுசெய்ய இப்படிமம் உதவியது.

லண்டனில் எவலினா லண்டன் குழந்தைகள் மருத்துவமனையையும் கிங்ஸ் கல்லூரியையும் சேர்ந்த மருத்துவர்களும் பொறியாளர்களும், கணினி விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் யூனிட்டி மென்பொருளைக் கொண்டு, முப்பரிமாண எக்கோ படங்களை மெய்நிகர் வெளியில் காட்டும் முறையை உருவாக்கினர். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வுகளைச் சீரமைக்கத் திட்டமிடுவதில் இம்முறை ஆராயப்பட்டது. வால்வின் இதழ்கள் மிக மெல்லியவை, ஓயாமல் அசைபவை. எந்த இடத்தில் அவை சரியாகப் பொருந்தாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது என்பதை அசையும் படத்தில்தான் தெளிவாகக் காண முடியும்.

பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வுக்குழு உருவாக்கிவரும் ஸ்லைசர்ஹார்ட், 3டி ஸ்லைசர் என்ற கட்டற்ற மென்பொருளின் மேல் இயங்குவது. இவற்றை எவரும் கட்டணமின்றிப் பெறலாம்.

முப்பரிமாண அச்சு மாதிரியுடன் ஒப்பீடு

இதயத்தின் மாதிரியை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உருவாக்கும் முறையும் உள்ளது. கையில் எடுத்துத் தொட்டுணரவும், மென்மையான பொருளில் அச்சிட்டால் வெட்டித் தைத்துப் பழகவும் அது ஏற்றது. ஆனால் அச்சிடப் பல மணி நேரம் ஆகும்; ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். மெய்நிகர் உருவத்தை எத்தனை முறையும் வெட்டலாம், மீண்டும் முழுமையாக்கலாம், துடிப்பதையும் காட்டலாம். ஆனால் அதைத் தொட்டுணர முடியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையானவை.

வரம்புகள்

மெய்நிகர் உருவம் மூலப் படத்தைவிடத் துல்லியமாக இருக்க முடியாது. பச்சிளங்குழந்தையின் இதயம் நிமிடத்திற்கு 120 முறைக்கு மேல் துடிப்பது இயல்பு என்பதால் ஸ்கேன் படம் மங்கக்கூடும். மிக மெல்லிய சுவர் படத்தில் பதியாமல் போனால், இல்லாத துளை ஒன்று உருவத்தில் தோன்றலாம். உருவம் அழகாகவும் தெளிவாகவும் தெரிவதாலேயே அதை அப்படியே நம்பிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே ஐயம் எழும் இடங்களில் மூலப் படங்களைத் திரும்பப் பார்ப்பது நல்ல நடைமுறை.

தையல் போடும்போது திசு எப்படி இழுபடும் என்பதை உருவம் காட்டாது. இதயத் துடிப்புக்கான மின்னோட்டத்தைக் கடத்தும் நுண்ணிய திசுவும் வழக்கமான ஸ்கேன்களில் தெரிவதில்லை. அதன்மேல் தையல் விழுந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு தடைப்படும். அது செல்லும் தடத்தை மருத்துவர் தம் உடற்கூற்றியல் அறிவால் கணித்தே தவிர்க்கிறார்.

இத்துறையில் வெளிவந்த ஆய்வுகள் பலவும் சிறிய எண்ணிக்கையிலான நோயாளிகளைக் கொண்டவை. மருத்துவர்கள் இதய அமைப்பைத் தெளிவாகப் புரிந்துகொள்வதாகவும், சிலவேளைகளில் திட்டத்தை மாற்றுவதாகவும் அவை கூறுகின்றன. இறப்பு விகிதத்தை இம்முறை குறைக்கிறது என நிறுவுவதற்குப் பெரிய, நீண்டகால ஆய்வுகள் தேவை.

முடிவுரை

மெய்நிகர் படிமம் அறுவை மருத்துவரின் கைத்திறனுக்கு மாற்று அன்று. அவர் கத்தியை எடுக்கும் முன் எடுக்க வேண்டிய முடிவுக்கே அது துணை செய்கிறது. படம் எடுத்தவர், இதயநோய் மருத்துவர், அறுவை மருத்துவர் ஆகியோர் ஒரே இதயத்தை ஒரே இடத்தில் நின்று பார்க்கும்போது, ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரியக்கூடும். கருத்து வேறுபாடு எழுந்தால் அது அறுவை அரங்கிற்கு வெளியே, குழந்தையின் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே எழுகிறது. பேசித் தீர்க்க அப்போது நேரம் இருக்கிறது.