வயலுக்குக் கைக்குழந்தையுடன் செல்வோர் கவனத்திற்கு

நடவும் களையெடுப்பும் நடக்கும் நாட்களில் வீட்டில் ஆள் தங்குவதில்லை. கைக்குழந்தையையும் வயலுக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. வரப்போர மரத்தில் பழைய சேலையால் தூளி கட்டிக் கிடத்துவது நம் வழக்கம். தூளியில் குழந்தை நன்றாகவே தூங்கும். ஆனால் கட்டெறும்போ நாயோ வரும்போது பெற்றோர் நாலு வயல் தள்ளி நிற்பார்கள். குழந்தையைச் சேலையால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. மடை பார்க்கவும் பூப்பறிக்கவும் இரு கைகளும் கிடைக்கும். தாய்தான் கட்ட வேண்டும் என்பதில்லை, தகப்பனும் கட்டலாம்.

கிழிசல் இல்லாத பருத்திச் சேலையே ஏற்றது. நைலான் வழுக்கும், வெக்கை தரும். குழந்தையை நிமிர்த்தி மார்பில் சாய்த்து, சேலையின் நடுப்பகுதியை அதன் முழங்கால் மடிப்பிலிருந்து பிடரி வரை போர்த்த வேண்டும். இரு முனைகளையும் அக்குள் வழியே முதுகுக்குக் கொண்டுபோய்க் குறுக்காக மாற்றி, தோள்கள் மேலாக முன்னுக்கு இழுத்து இறுக்கவும். பின்னர் குழந்தையின் பிட்டத்துக்குக் கீழே குறுக்கிட்டு, தொடைகளுக்கு அடியில் செலுத்தி, இடுப்பின் பின்புறம் இரட்டை முடிச்சு போடவும். கால்கள் தவளையைப் போல் விரிந்து மடங்கியிருக்க வேண்டும். முதல் சில நாட்கள் மற்றொருவர் உடனிருந்து பிடித்துக்கொள்வது நல்லது.

குழந்தையின் முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மோவாய் மார்பில் முட்டினால் மூச்சு அடைபடும்; குழந்தையால் அழக்கூட முடியாது. தோள்துணிப் பைகளில் குழந்தைகள் இப்படி இறந்ததைக் கண்டு, நான்கு மாதம் நிரம்பாதவர்களுக்கு மிகுந்த எச்சரிக்கை தேவை என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் அறிவித்தது. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, சளி பிடித்த குழந்தை ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் கட்டக்கூடாது. உச்சி வெயிலில் பிடரியைத் தொட்டுப் பார்த்து, வியர்த்திருந்தால் உடனே அவிழ்த்து நிழலில் விடவும்.

குனிந்து நாற்று நடும்போதும், அரிவாள் பிடிக்கும்போதும், கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகிலும் குழந்தையைக் கட்டிக்கொள்ளவே கூடாது.

பூச்சிமருந்து விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மருந்து தெளிக்கையில் மூக்கில் கட்டிய துண்டையே மாலையில் உதறிக் குழந்தைக்கு விரிப்பது இன்றும் நடக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம். மூச்சும் வேகமாக வாங்கும். ஆகவே சிறிதளவு மருந்தே அதிகத் தீங்கு செய்யும். மருந்து வேலைக்கு உடுத்திய துணியைத் துவைத்த பிறகும் குழந்தைக்குப் பயன்படுத்தக்கூடாது. அதைத் தனியாகவே துவைக்க வேண்டும். தெளித்தவர் சோப்புப் போட்டுக் குளித்து, மாற்றுத்துணி உடுத்திய பின்பே குழந்தையைத் தொடலாம். தெளிக்கும் நாளில், பக்கத்து வயலில் தெளித்தாலும் சரி, குழந்தை அங்கே இருக்க வேண்டாம்.

எச்சில் ஒழுகுதல், மிகுந்த வியர்வை, கண்மணி ஊசிமுனை போல் சுருங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால், குழந்தையின் துணியைக் களைந்து, உடம்பை சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, 108 ஆம்புலன்சை அழைக்கவும். சிவப்பு முக்கோணம் அச்சிட்ட புட்டியானாலும் பச்சை முக்கோணமானாலும், அதைச் சீட்டோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம். மருந்தின் பெயரைக் கொண்டே மருத்துவர் மாற்று மருந்தை முடிவு செய்வார்.