பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரும் அதன் டூ பின் பிளக்கும்

"ஐம்பது வருஷத்துக்கு மேல பழசுன்னு நீங்களே சொல்றீங்க. அதுக்கு எதுக்கு இரண்டாயிரம் டாலர்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இப்போது பாதி பதில் இருக்கிறது.

வாங்கியது ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவெர்ப். கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் செய்தது. ஒரு சின்னப் பெட்டி, பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சுமார் 12 வாட். நம் ஊரில் வால்வு என்போமே (தாத்தா வீட்டு ரேடியோவைத் திருகிவிட்டு, சூடாகிப் பாடுவதற்குள் காப்பி குடித்துவிட்டு வரலாம்), அதைத்தான் அமெரிக்கர்கள் ட்யூப் என்கிறார்கள். இந்தப் பெட்டியில் அப்படி ஏழு. மூன்று 12ஏஎக்ஸ்7, ஒரு 12ஏடி7, ஸ்பீக்கரை ஓட்ட இரண்டு 6வி6, மின்சாரத்தை டிசி ஆக்க ஒரு ஜிஇசட்34. ரிவெர்ப் என்பது அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் தொங்கும் ஸ்பிரிங்குகள். சத்தத்தை அதற்குள் அனுப்பி, மறுமுனையில் எடுத்துக் கலந்தால் பெரிய மண்டபத்தில் வாசிப்பது போல் கேட்கும். ஆம்ப்ளிஃபயரை ஒரு உதை விட்டால் இடி இடிக்கும். அது பழுதில்லை, ஸ்பிரிங் ஆடுகிறது, அவ்வளவுதான்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. கிடார் வாசித்துக்கொண்டே பாடுவாள். இந்த "கொண்டே" முக்கியம், பின்னால் வருகிறேன்.

பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூரில் ஒருவர் விற்கிறார் என்று தெரிந்து, மகளையும் அழைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டிப் போனேன். எழுபது வயதைத் தாண்டிய மனிதர். மூட்டுவலியால் விரல் மடங்குவதில்லை, அதனால் விற்கிறார். விளம்பரத்தில் "எல்லாமே ஒரிஜினல், யாரும் கை வைத்ததில்லை" என்று போட்டிருந்தார். பழைய பொருள் சந்தையில் இந்த ஒரு வரிக்குத் தனி விலை உண்டு.

அந்த வரியைச் சோதிக்க வழி இருக்கிறது. அக்காலத்து அமெரிக்க உதிரி பாகங்களில் ஒரு எண் அடித்திருப்பார்கள். முன்பகுதி செய்த கம்பெனியின் குறியீடு, பின்பகுதி வருஷமும் வாரமும். வால்யூம் திருகின் பின்புறம் 137 6647 என்று இருந்தால், 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 1966-ஆம் வருஷம் 47-ஆவது வாரம். டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்றால் ஷூமேக்கர். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணைத் தாளில் ஃபெண்டர்காரர்கள் இரண்டு எழுத்து முத்திரை குத்துவார்கள். முதல் எழுத்து வருஷம், 'ஏ' என்றால் 1951-இல் தொடங்கி எண்ணிக்கொள்ள வேண்டும். இரண்டாவது மாதம். இதில் 'க்யூ சி' என்று இருந்தது. 1967 மார்ச். திருகும் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்குச் சில மாதம் முந்தியவை, எனவே பொருந்தியது.

"ஸ்பீக்கரும் 67 தான், பாருங்கள்" என்று அவரே டார்ச் அடித்துக் காட்டினார். 67-7430 என்று அடித்திருந்தது. எனக்குச் சொல்லவே மனசில்லை. அந்த 67 வருஷமே இல்லை, எமினென்ஸ் என்ற ஸ்பீக்கர் கம்பெனியின் குறியீடு. வருஷம் அடுத்து வருகிற 74. அதாவது, 1974-க்குப் பிறகு எப்போதோ ஒருமுறை யாரோ ஸ்பீக்கரை மாற்றியிருக்கிறார்கள். அவர் இதை வாங்கியது 1980-களில். ஏமாற்றவில்லை, தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே நூற்றைம்பது டாலர் குறைத்தார்.

இடையில் ஒன்று. 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியைச் சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முன் செய்தது தங்கம், பின் செய்தது தகரம் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த மாடலின் சர்க்யூட் விற்பனைக்குப் பிறகும் பல வருஷம் பெரிதாக மாறவில்லை. சிபிஎஸ் காலத்துப் பிரின்ஸ்டனை வாங்கத் தயங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. (லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர், அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.)

வாசித்துப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது? முதலில் எதையும் வாசிக்காமல், வால்யூமைச் சுழியத்தில் வைத்து ஆன் செய்து சும்மா கேட்க வேண்டும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதே சுருதியில் 'உம்ம்' என்று வந்தால் பெரும்பாலும் எர்த்திங் அல்லது வால்வின் ஹீட்டர் வயரிங் கோளாறு. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 120-இல் வந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன என்று அர்த்தம். இதில் அந்த 120 மெல்லியதாக இருந்தது. பிறகு பென்சிலால் ஒவ்வொரு வால்வையும் லேசாகத் தட்டினேன். நல்ல வால்வு சும்மா இருக்கும், கெட்டது மணி அடிக்கும். ஒன்று அடித்தது. அது பெரிய விஷயமில்லை, வால்வை மாற்றிக்கொள்ளலாம், இன்றும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவில் செய்கிறார்கள். 6வி6 உள்ளே தகடு சிவந்து ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவந்தால் உடனே அணைத்துவிட வேண்டும், பயாஸ் போய்விட்டது. ஆரஞ்சு நிறத்தில் மினுங்குவது ஹீட்டர், அது இருக்க வேண்டியதுதான். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு மட்டும் ஓட்டக்கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துபோகும்.

மகள் வாசித்தாள். வால்யூம் 3-இல் கண்ணாடி மாதிரி சுத்தம். 6-க்கு ஏற்றியபோது, மெதுவாகத் தொட்டால் சுத்தமாகவும், அழுத்தி அடித்தால் கரகரத்தும் வந்தது. தடித்த தந்தியில் ஓங்கி அடித்தபோது மட்டும், ஸ்வரத்துக்குக் கீழே வேறொரு அபஸ்வரம் நிழல் மாதிரி கூடவே வந்தது. அதுவும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வேலைதான்.

அப்போதுதான் அது நடந்தது. அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார, முழங்கை பின்னாலிருந்த இரும்பு ரேடியேட்டரில் பட்டது. "ஆ!" என்று கையை உதறினாள். "அப்பா, சுருக்குங்குது."

அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே எழுந்து, ஆம்ப்ளிஃபயரின் பின்னாலிருந்த ஒரு சின்ன ஸ்விட்சை மாற்றிப் போட்டார். ஷாக் அடித்தால் இதை மாற்றினால் போதும், இத்தனை வருஷமாக இப்படித்தான் வாசித்தேன், ஒன்றும் ஆகவில்லை என்றார். பொய்யில்லை. அந்த ஸ்விட்ச் அதற்காகவே கம்பெனி வைத்தது.

பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். கிடார் தந்திக்கும் சுவர்ப் பிளக்கின் எர்த் துளைக்கும் இடையே 112 வோல்ட். ஸ்விட்சை மாற்றினால் 3 வோல்ட்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இந்தப் பெட்டிக்கு டூ பின் பிளக், எர்த் கிடையாது. எர்த் இல்லாவிட்டால் இரைச்சல் வரும். அதை அடக்க, மின்சாரக் கம்பி ஒன்றிலிருந்து 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை நேராக உலோகச் சேசிஸுக்குக் கட்டிவிட்டார்கள். எந்தக் கம்பியிலிருந்து என்பதைத்தான் அந்த ஸ்விட்ச் மாற்றுகிறது. நியூட்ரல் பக்கம் அமைந்தால் நிம்மதி, லைன் பக்கம் அமைந்தால் சேசிஸ் முழுக்க, அதோடு இணைந்த கிடார் தந்தி முழுக்க வோல்டேஜ். கெப்பாசிட்டர் நன்றாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. 60 ஹெர்ட்ஸில் அதன் தடை கிட்டத்தட்ட 56,000 ஓம், எனவே 120 வோல்ட்டில் 2 மில்லி ஆம்பியர் சொச்சம்தான் உடம்பில் பாயும். அதுதான் அந்தச் சுருக். ஆனால் கெப்பாசிட்டர் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால் இந்தத் தடையே இல்லை. மெக்கானிக்குகள் இதற்கு டெத் கேப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது 1967-இல் பொருத்திய கெப்பாசிட்டர். அதுதான் "யாரும் கை வைத்ததில்லை".

பாடகருக்கு இது இன்னும் மோசம். கை தந்தியில், உதடு எர்த் ஆன மைக்கில். மின்சாரம் மார்பு வழியாகப் போகும். 1972 மே மாதம் ஸ்வான்சியில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்து இறந்தார். 1976-இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், வீட்டில் கிடார் வாசிக்கும்போது இறந்தார். அவர்களின் பெட்டிகளில் இருந்தது இதே பழுது என்று நான் சொல்ல வரவில்லை. எர்த் சரியில்லாத கிடார் என்ன செய்யும் என்பதற்குச் சொல்கிறேன். என் மகள் வாசித்துக்கொண்டே பாடுகிறவள்.

வாங்கினேன். ஆனால் வீட்டில் பிளக்கில் செருகவில்லை. நேராக வால்வு ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

நானே செய்திருக்கலாம் என்று சிலர் நினைக்கலாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். அதை முறையாக இறக்கத் தெரியாதவர் பின்பக்கப் பலகையைக் கழற்றாமலிருப்பது நல்லது. நானும் கழற்றவில்லை.

மெக்கானிக் முதலில் ஒரு கேள்வி கேட்டார். விற்கிற எண்ணம் உண்டா? ஒயரை வெட்டினால் ஒரிஜினல் என்று போட முடியாது, கலெக்டர்கள் விலையைக் குறைப்பார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அவர் மேல் இல்லை, அந்தக் கணக்கின் மேல். பழைய கார் வாங்குகிறவன் அறுபதுகளின் டயரோடுதான் ஓட்டுவேன் என்று அடம் பிடிப்பானா? எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் டயர் மாதிரித்தான். உள்ளே இருக்கும் ஈரம் காயும், அப்புறம் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அவர் செய்தது இதுதான். த்ரீ பின் ஒயர் போட்டு, எர்த் கம்பியைச் சேசிஸில் போல்ட் வைத்து முறுக்கினார். இனி லைன் சேசிஸில் பட்டால் ஃபியூஸ் போகும், ஆள் போகமாட்டான். டெத் கேப்பை வெட்டி எடுத்தார், ஸ்விட்ச் இனி வெறும் அலங்காரம். ஒரே டப்பாவுக்குள் நான்கு 20 மைக்ரோ ஃபாரட் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரையும், மற்ற சின்ன எலக்ட்ரோலிட்டிக்குகளையும், மணி அடித்த வால்வையும் மாற்றினார். டிரான்ஸ்ஃபார்மர்களையும் சத்தம் கடந்து போகும் மற்ற கெப்பாசிட்டர்களையும் தொடவில்லை, நன்றாக இருப்பதைத் தொடக்கூடாது என்றார். முதல் முறை ஆன் செய்தபோது ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்து வைத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், ஆம்ப்ளிஃபயர் தப்பிக்கும். பல்பு ஒரு நொடி எரிந்து மங்கியது.

இப்போது வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். இதில் அப்படி என்ன இருக்கிறது? "வால்வு சத்தம் கதகதப்பானது" என்று மந்திரம் மாதிரி சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கதகதப்பில் பாதி ஸ்பீக்கரும் டிரான்ஸ்ஃபார்மரும். ஆனால் விரலுக்குத் தெரிகிற ஒன்று உண்டு. ஓங்கி ஒரு கார்ட் அடித்தால் 6வி6-கள் திடீரென அதிகக் கரண்ட் கேட்கும். வால்வு ரெக்டிஃபயரால் அவ்வளவையும் அதே வோல்டேஜில் தர முடியாது, வோல்டேஜ் இறங்கும். அடியின் முனை அமுங்கி, பின் மெல்ல எழும்பி வரும். ஆங்கிலத்தில் சேக் என்பார்கள். புது கட்டிலுக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் உள்ள வித்தியாசம். குறைந்த வால்யூமில் இது தெரியாது. ஆகவே, அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் இதற்கு இரண்டாயிரம் டாலர் கொடுக்க வேண்டாம். 12 வாட்டே வீட்டுக்கு அதிகம்.

எங்கள் வீட்டு மின்சாரம் 122 வோல்ட் காட்டுகிறது. இந்தப் பெட்டி 117-க்குச் செய்தது. கொஞ்சம் அதிகச் சூட்டில்தான் ஓடும், மெக்கானிக் அளந்துவிட்டுப் பரவாயில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதன்முறையாக மைக் வைத்துப் பாடினாள். அவள் தொடுவதற்கு முன் தந்திக்கும் மைக் தலைக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்த்தேன். சுழியம். "போதும்பா, தள்ளுங்க" என்றாள். மூன்றாவது பாட்டில் வால்யூம் 7-க்குப் போய்விட்டது, எதிர்வீட்டு நாய் குரைத்தது.

வெட்டிய டூ பின் ஒயரையும் அந்தக் கெப்பாசிட்டரையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியின் உள்ளே ரிவெர்ப் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். மேலே தேதியும், 'மீண்டும் பொருத்த வேண்டாம்' என்றும் எழுதியிருக்கிறது.